பரண்மேல் இருக்கும் படம்

கேள்வி: கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வீடு திருநகரில். என் முதல் மனைவி காய்ச்சலில் இறந்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன் மறுமணம் செய்துகொண்டேன். மகளுக்குப் பத்து வயது. சிண்ட்ரெல்லா கதையை ஒவ்வொரு நாட்டிலும் எப்படிச் சொல்கிறார்கள் என்று பள்ளி இலக்கிய விழாவில் பேசப்போகிறாள். ஆசிரியை கொடுத்த கதைகள் போதாதென்று என் அம்மாவிடமும் கதை கேட்டு எழுதிக்கொண்டாள். பழைய சார்ட் பேப்பர் எடுக்கப் பரண்மேல் ஏறியவள் அரைமணி நேரம் இறங்கவில்லை. அவள் அம்மாவின் படமெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. அன்றிலிருந்து ஒத்திகை என்ற பெயரில் மீன் முள், கல்லறை, எலும்பு என்று அபசகுனமாகவே பேசுகிறாள். இளவரசன், நடனம், கண்ணாடிச் செருப்பு எதுவும் இல்லை. ‘சித்தி கொன்றாள்’ என்று கூடத்தில் நின்று சத்தமாகச் சொல்கிறாள். என் மனைவி அழுதுகொண்டே மேலூருக்குத் தாய்வீடு போனவள், மூன்று நாள் கழித்துத்தான் வந்தாள். நான் கடை அடைத்து வீடு வரப் பத்து மணி ஆகிறது. பெண்கள் விஷயத்தில் தலையிடுவதில்லை. நல்ல சித்தி வருகிற சிண்ட்ரெல்லா கதை ஏதாவது நாட்டில் உண்டா? அல்லது ஆசிரியையிடம் சொல்லித் தலைப்பையே மாற்றிவிடலாமா?

— பெயர் வேண்டாம், மதுரை.

பதில்:

தம்பி, நல்ல சித்தி வருகிற கதை இருக்கிறது. சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தப் பரணுக்கு வருவோம்.

போகிற போக்கில் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். சார்ட் பேப்பரும் அங்கே, செத்துப்போன மனைவியின் படமும் அங்கே. அதை யார் ஏற்றியது? உங்கள் மனைவி கழற்றச் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சொல்லியிருந்தால் எழுதாமல் விட்டிருக்க மாட்டீர்கள். தாய்வீட்டில் எத்தனை நாள் இருந்தார் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறீர்களே. ஆகவே ஏற்றியது நீங்கள்தான். புதுப்பெண் வருகிற வீட்டில் பழையவள் படம் எதற்கு என்று யாரோ ஒரு பெரியவர் சொல்லியிருப்பார், உங்களுக்கும் அது வசதியாக இருந்திருக்கும். எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவள் அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. மறுமணம் செய்த ஆண்கள் எழுதுகிற எல்லாவற்றிலும் ‘அவளுக்கும் இவளுக்கும் ஒத்துப்போகவில்லை’ என்ற வரி இருக்கும். எழுதுகிறவர் மட்டும் சண்டைக்கு வெளியே நிற்பார்.

சரி, உங்கள் மகள் பேசுவது அபசகுனம் என்கிறீர்கள். அவள் எடுத்துக்கொண்ட கதைகளை நீங்கள் உட்கார்ந்து கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

மீன் முள் சீனக் கதையில் வருவது. ஒன்பதாம் நூற்றாண்டில், தாங் அரசர்கள் காலத்தில், துவான் செங்ஷி என்பவர் எழுதிவைத்தது. தெற்குச் சீனத்திலிருந்து வந்த வேலைக்காரர் ஒருவர் அவருக்குச் சொன்ன கதை. யே ஷியான் என்கிற பெண்ணுக்கு அம்மா இல்லை, அப்பாவும் போய்விடுகிறார். ஒரு மீனை வளர்க்கிறாள். சிவந்த துடுப்பு, பொன்னிறக் கண். இவள் கரைக்கு வந்தால்தான் அது தலையை வெளியே நீட்டும், வேறு யார் வந்தாலும் வராது. சித்தி இவளுடைய பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு போய் அதை ஏமாற்றி வெட்டிச் சமைத்துத் தின்றுவிட்டு, முள்ளை எருக்குழியில் புதைக்கிறாள். அந்த முள்ளைத் தோண்டி எடுத்துத் தன் அறையில் ஒளித்துவைத்து வேண்டிக்கொள்ள வேண்டும் என்று வானத்திலிருந்து இறங்கிய ஒருவர் சொல்கிறார். பொற்செருப்பு, அரசன் எல்லாம் அதற்கு அப்புறம். மீன்தான் அம்மா என்று கதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதும் இல்லை.

வியட்நாமில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் தாம். அங்கேயும் மீன், அங்கேயும் கொல்கிறார்கள். முள்ளை ஜாடிகளில் போட்டுக் கட்டில் கால்களுக்குக் கீழே புதைத்துவைக்கிறாள். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட தொகுப்பில் அம்மாவின் கல்லறைமேல் மரம் வளர்கிறது, உடுப்பும் செருப்பும் அங்கிருந்துதான் வருகின்றன. ஸ்காட்லாந்தில் சாகப்போகிற அம்மா ஒரு கன்றுக்குட்டியை விட்டுப்போகிறாள். இதற்கு நெருங்கிய ரஷ்யக் கதை ஒன்றில் அம்மா மரணப் படுக்கையில் கையில் ஒரு சின்னப் பொம்மையைக் கொடுக்கிறாள், அதற்குச் சோறு ஊட்டினால் வழி சொல்லும். மரியன் ரோல்ஃப் காக்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இந்தக் கதையையும் இதன் கிளைக் கதைகளையும் சேர்த்து 345 வடிவங்களை 1893-இலேயே தொகுத்து வெளியிட்டார். அவற்றில் எத்தனையோ கதைகளில் செத்த அம்மா ஏதோ ஒரு உருவத்தில் திரும்பி வந்து பிள்ளைக்குத் துணை நிற்கிறாள். அந்த உருவத்தைச் சித்தி கொல்கிறாள். எலும்பைப் பிள்ளை பொறுக்கி வைத்துக்கொள்கிறது.

இப்போது நீங்கள் விரும்புகிற இளவரசன், நடனம், கண்ணாடிச் செருப்பு. அது பிரான்ஸில் பெரோ 1697-இல் எழுதியது. பூசணிக்காய் வண்டியாகும், எலி குதிரையாகும். 1950-இல் டிஸ்னி படமாக்கியதும் அதைத்தான், நாம் எல்லோரும் பார்த்ததும் அதைத்தான். அதில் அம்மா ஆரம்பத்திலேயே முடிந்துபோகிறாள். கல்லறை இல்லை, எலும்பு இல்லை, உதவிக்கு வருவது கோலோடு ஒரு தேவதை. பார்க்க அழகாக இருக்கும், நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் உங்களுக்கு மங்களமாகத் தெரிகிற ஒரே கதை, அம்மாவைத் துடைத்தெடுத்துவிட்ட கதை என்பதைக் கவனியுங்கள். உங்கள் வீட்டுச் சுவரும் இன்று அப்படித்தான் இருக்கிறது. உங்கள் மகள் அந்தக் கதையை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைப் பொறுக்கி எடுத்தாள். கெட்டிக்காரி.

அப்புறம், இந்தக் கதைகளில் அப்பா எங்கே என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? சீனத்துக் கதையில் இறந்துவிடுகிறார், அவரை விட்டுவிடலாம். மற்ற பல கதைகளில் உயிரோடுதான் இருக்கிறார். பெரோவின் கதையில் அந்தப் பெண் அப்பாவிடம் முறையிடவே பயப்படுகிறாள், சொன்னால் அவர் இவளைத்தான் திட்டுவார். இன்று நாம் படிக்கிற கிரிம் கதையில் இளவரசன் செருப்போடு வந்து “உங்களுக்கு வேறு மகள் இல்லையா?” என்று கேட்கும்போது, பெற்ற தகப்பன், இறந்துபோன மனைவி விட்டுப்போன ஓர் அழுக்குப்பிடித்த சின்னப்பெண்தான் இருக்கிறாள், அவள் மணப்பெண்ணாக இருக்கவே முடியாது என்கிறான். சித்தி பேசினால் பேய் என்போம். அப்பா பேசுகிறான், உலகத்தில் யாரும் அவனை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. இத்தாலியில் பசீலே எழுதிய கதை 1634-இல் அச்சானது. அதில் தகப்பன் சார்டீனியா தீவுக்குப் போகிறான். மற்றப் பெண்கள் கேட்டதையெல்லாம் வாங்கிவிட்டான், சொந்த மகள் கேட்டது மட்டும் மறந்துபோயிற்று. கப்பல் துறைமுகத்தை விட்டு நகரவே மறுக்கிறது. திரும்பிப் போய்ப் பேரீச்சங்கன்றை வாங்கிவந்த பிறகுதான் நகர்கிறது. கடலில் நடந்த நியாயம் கீழமாசி வீதியில் நடப்பதில்லை. உங்கள் பைக் தினமும் தடையில்லாமல் ஸ்டார்ட் ஆகிறது.

சற்று முன் சொன்ன ரஷ்யக் கதையில் அப்பா யார் தெரியுமா? வியாபாரி. வியாபாரத்துக்காக வெளியூர் போய்விடுவார், வீட்டில் நடப்பதெல்லாம் அப்போதுதான் நடக்கும்.

நம் பக்கத்துக் கதை மட்டும் என்ன? வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோவில் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அந்தக் கதை தெரியாமல் இருக்காது, பேத்திக்கும் சொல்லியிருப்பார். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளை அண்ணி மூளி அலங்காரி கதவடைத்துப் பட்டினி போட்டாள், நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தாள். மூளி அலங்காரியை ஊரே இன்றைக்கும் திட்டுகிறது. அண்ணன் நல்லதம்பி நல்லவன் என்று பெயர் வாங்கிவிட்டான். தங்கை வாசலில் நின்றபோது அவன் வேட்டைக்குப் போயிருந்தான்.

உங்களுக்குக் கடை. பத்து மணிக்கு வந்து, பெண்கள் விஷயத்தில் தலையிடுவதில்லை என்பதைப் பெருந்தன்மைபோல எழுதியிருக்கிறீர்கள். பெற்ற மகள் பெண்கள் விஷயமா? நீங்கள் விலகிநிற்கிற அந்தக் கூடத்தில்தான் உங்கள் பிள்ளை வாய்விட்டுக் கத்திக்கொண்டிருக்கிறது. பாவம், அதைக் கேட்கிறவர் உங்கள் மனைவி. செய்யாத தப்புக்கு அவர் அழுதுகொண்டு பஸ் ஏறுகிறார். படத்தை எடுத்தது நீங்கள், பெயர் கெட்டது அவருக்கு.

இரண்டாம் கல்யாணத்தைக் குற்றம் சொல்கிற ஆள் நான் இல்லை. சின்ன வயதில் மனைவியை இழந்தவர் இன்னொரு துணை தேடுவது நியாயம். ஆனால் இறந்தவள் இருந்த இடத்தைக் காலி செய்துதான் புதியவளை உட்கார வைக்க முடியும் என்று நினைக்கிற வீடு எனக்குப் பிடிப்பதில்லை. வாழ்ந்து மறைந்த பெண்ணுக்குப் புதுச்சேலை எடுத்து வைத்து, பூப்போட்டுக் கும்பிட்டுவிட்டு நல்ல காரியம் தொடங்குகிற குடும்பங்கள் நம் ஊரில் எத்தனையோ இருக்கின்றன. பிறகு வந்தவளே முன்னின்று மூத்தவளைக் கும்பிடுவாள். அதில் அவளுக்கு ஒரு குறைச்சலும் வந்துவிடவில்லை.

நீங்கள் கேட்ட கதையும் இங்கேதான் இருக்கிறது. பாண்டு இறந்ததும் மாத்ரி தன் இரட்டைப் பிள்ளைகளைக் குந்தியின் கையில் ஒப்படைத்துவிட்டு உடன்கட்டை ஏறினாள். நகுலன், சகாதேவன் இருவருக்கும் குந்தி சித்தி முறைதான், மூத்தவள் என்பதால் பெரியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களைப் பேதம் பார்த்தாள் என்று பாரதத்தில் எங்காவது உண்டா? சரி, அது குந்தியின் பெருமை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது யக்ஷன் குளக்கரைக் காட்சி. தண்ணீர் குடித்த நான்கு தம்பிகளும் செத்துக் கிடக்கிறார்கள். ஒருவனை மட்டும் எழுப்பித் தருகிறேன், யார் வேண்டும் என்று யக்ஷன் கேட்கிறான். வியாச பாரதத்தில் தருமன் பீமனைக் கேட்கவில்லை, அர்ச்சுனனைக் கேட்கவில்லை. நகுலனைக் கேட்கிறான். குந்தியின் பிள்ளைகளில் நான் இருக்கிறேன், மாத்ரிக்கும் ஒரு பிள்ளை மிஞ்ச வேண்டும் என்கிறான். மாத்ரி செத்து எத்தனை காலம்! அந்த வீட்டில் அவள் கணக்கில் இருந்தாள். அதனால்தான் குந்தியால் நல்ல சித்தியாக இருக்க முடிந்தது என்பேன். மறைந்தவளை மறைத்துவைக்கிற வீட்டில் யார் வந்தாலும் பிள்ளையின் கண்ணுக்கு மீனைக் கொன்றவளாகத்தான் தெரிவாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்களே பரண்மேல் ஏறுங்கள். வேலைக்காரரை ஏற்றாதீர்கள், மனைவியை எடுத்துத் தரச் சொல்லவே சொல்லாதீர்கள். முந்தைய நாள் இரவே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்க வேண்டாம், அது அவர் தலையில் பாரத்தை வைப்பது. ‘இது நான் செய்த தப்பு, உன்மேல் பழி விழுந்துவிட்டது, நானே சரிசெய்கிறேன்’ என்று சொல்லுங்கள். மகளிடமும் அதே வார்த்தையைச் சொல்லுங்கள், சித்தி காதில் விழும்படி சொல்லுங்கள். கண்ணாடி உடைந்திருந்தால் மகளையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போய்ச் சட்டம் மாற்றி வாருங்கள். எங்கே மாட்டுவது என்று அவள் சொல்லட்டும்.

திதி கொடுக்கிறீர்களா? கடிதத்தில் தெரியவில்லை. கொடுத்தால் அந்த நாளில் மகள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டும். அவளுடைய அம்மாச்சி வீட்டுப் பக்கம் பற்றியும் ஒரு எழுத்து இல்லை. போக்குவரத்து நின்றுபோய்விட்டதோ என்று சந்தேகப்படுகிறேன். தாய்மாமன் இருந்தால் போன் போட்டு விழாவுக்கு வரச்சொல்லுங்கள். தாய் போனாலும் தாய்வழிச் சொந்தம் பிள்ளைக்கு உரிமை, அதை அறுக்கிற அதிகாரம் எந்தத் தகப்பனுக்கும் கிடையாது.

உங்கள் அம்மாவுக்கும் ஒன்று. அப்பத்தா பேத்திக்குக் கதை சொல்லட்டும், நல்லதங்காள் கதையை முழுதாகவே சொல்லட்டும். மருமகள் காபி கொண்டுவரும் நேரம் பார்த்துக் குரலை உயர்த்துவது மட்டும் வேண்டாம். அப்படி நடக்கவில்லை என்றால் சந்தோஷம். அனுபவத்தில் சொல்கிறேன், நடந்திருக்கும். அதை நிறுத்தச் சொல்ல வேண்டியது மகன்தான், மருமகள் இல்லை.

ஆசிரியையிடம் போகவே போகாதீர்கள். தலைப்பு அப்படியே இருக்கட்டும், மீன் முள்ளும் இருக்கட்டும். குந்தி கதையை அவளிடம் சொல்லுங்கள், பேச்சில் சேர்ப்பதும் விடுவதும் அவள் விருப்பம். அதைச் சொல்வதற்கு அவள் தூங்கும் முன் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு யார் வந்து உங்களிடம் துவரம்பருப்பு வாங்குகிறார்கள்?