ஈரக் காற்றுள்ள ஊரில் உலர்புல்: நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், ட்ரூரோவுக்கு அருகே கடற்கரை அணைக்குள் இருக்கும் 12 ஏக்கரில் திமோத்தி புல் வளர்த்து, 40 ஆடுகளை வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு வறண்ட வானிலைக்குக் காத்திருந்து ஜூலை நடுவில் வெட்டினேன். நான்கு நாள் காயவைத்தும் கட்டுகளில் பூஞ்சணம் பிடித்தது; ஆடுகள் தண்டை ஒதுக்குகின்றன. புல்லை அழித்துவிட்டுக் குதிரைமசால் விதைக்கலாமா?

பதில்: விதைக்க வேண்டாம். அகேடியர்கள் என்னும் பிரெஞ்சுக் குடியேறிகள் 17ஆம் நூற்றாண்டில் கடலிடமிருந்து மீட்கத் தொடங்கிய அந்தத் தாழ்நிலங்கள் வளமானவைதாம். ஆனால் கனத்த களிமண்ணாதலால் நீர் எளிதில் வடியாது. குளிர்காலத்தில் அம்மண் உறைந்து உருகும்போதெல்லாம் குதிரைமசாலின் ஆணிவேர் மேலே தள்ளப்பட்டு அறுந்துவிடும். உங்கள் நிலத்துக்குத் திமோத்தியே பொருத்தமானது. புரதம் கூட வேண்டுமானால், மண்ணைச் சோதித்து, தேவையான சுண்ணாம்பை இட்டு, சிவப்புக் க்ளோவர் என்னும் பயறுவகைத் தீவனச் செடியை ஊடே விதையுங்கள்.

குறை புல்லில் இல்லை, வெட்டிய நாளில் இருக்கிறது. கதிர் வெளிவரத் தொடங்கும்போது, அதாவது உங்கள் பகுதியில் ஏறக்குறைய ஜூன் பிற்பாதியில், திமோத்தியை வெட்டிவிட வேண்டும். பூத்த பிறகு தண்டு மரத்துப்போய்ச் செரிமானமும் புரதமும் இறங்கிவிடும். அதன்பின் எவ்வளவு நன்றாகக் காயவைத்தாலும் இழந்த சத்து திரும்பாது.

ஜூனில் தொடர்ந்து நான்கு நாள் வெயில் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு, முதல் அறுப்பை உலர்புல்லாக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ஒரு நாள் வாட்டி, ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டில் இருக்கும்போதே உருளையாகக் கட்டி, 24 மணி நேரத்துக்குள் குறைந்தது ஆறு சுற்று பிளாஸ்டிக் உறையிட்டு ஊறுகாய்ப்புல்லாக்குவதே அங்கே அறிவுடைமை. ஆடுகளுக்கு இதில் ஓர் அபாயம் உண்டு: மண் கலந்தோ, உறை கிழிந்தோ, சரியாகப் புளிக்காமற்போன கட்டில் லிஸ்டீரியா கிருமி பெருகும், அது ஆட்டின் மூளையைத் தாக்கும், கருச்சிதைவையும் உண்டாக்கும். ஆகவே தரையை ஒட்டி வெட்டாமல் 8 முதல் 10 செ.மீ. அடித்தாளை விடுங்கள். பிரித்த கட்டை மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். 40 ஆடுகளுக்கு அது கடினமன்று.

முதல் அறுப்பு நேரத்தோடு முடிந்தால் ஆகஸ்டில் இலை மிகுந்த மறுதாம்பு கிடைக்கும். பயிர் மெலிதாக இருப்பதால் உலர்புல்லுக்கு ஏற்றது அதுவே. பனி காய்ந்ததும் காலையிலேயே வெட்டுங்கள். மாலையில் வெட்டினால் புல்லில் சர்க்கரை கூடும் என்பது வறண்ட மேற்குப் பகுதிகளுக்குப் பொருந்தும். ஃபண்டி விரிகுடாவின் மூடுபனிக்கு அருகே ஒரு பகல் வெயிலை இழப்பதுதான் மிச்சம். வெட்டிய புல் சிறிது நேரம் உயிரோடு இருக்கும். வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை இலைத்துளைகள் திறந்திருந்து நீரை வேகமாக வெளியேற்றும். ஒடுங்கிய வரிசையாகக் குவித்தால் உள்ளே இருளில் அவை மூடிக்கொள்ளும். உங்கள் நான்கு நாள் வீணானதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம். வெட்டிய அகலத்தில் முக்கால் பங்குக்காவது பரப்பி, டெட்டர் என்னும் புல் உதறும் கருவியால் கிளறிவிடுங்கள்.

காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும்வரை எத்தனை நாள் கிடந்தாலும் புல் ஏறத்தாழ 21 விழுக்காட்டுக்குக் கீழே காயாது. 70க்கு இறங்கினால்தான் 16ஐ எட்டும். எனவே நாட்களை எண்ணாமல் ஈரத்தை அளந்து கட்டுங்கள். சிறு கட்டுக்கு 18 விழுக்காடும், பெரிய உருளைக்கு 15ம் மேல்வரம்பு. அளக்கும் கருவி இல்லையென்றால், 100 கிராம் புல்லை மைக்ரோவேவ் அடுப்பில், ஒரு குவளைத் தண்ணீரும் உடன் வைத்து, எடை மாறாமல் நிற்கும்வரை சிறிது சிறிதாகச் சூடாக்குங்கள். குறைந்த கிராமே ஈரத்தின் விழுக்காடு.

கட்டி அடுக்கிய பின் ஆறு வாரம் வரை உட்சூட்டைக் கவனியுங்கள். 55 பாகை செல்சியஸைத் தொட்டால் நாள்தோறும் அளக்க வேண்டும். 80ஐ நெருங்கினால் கட்டுகளை நீங்களே பிரிக்காமல் தீயணைப்புத் துறையை அழையுங்கள், ஏனெனில் காற்றுப் பட்டதும் தீப்பற்றக்கூடும்.

மீந்திருக்கும் பூஞ்சணக் கட்டுகளைச் சினை ஆடுகளுக்குப் போடாதீர்கள். தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் கொட்டிலில் படுக்கையாகவும் பரப்ப வேண்டாம். மட்க விட்டு எருவாக்கிக்கொள்ளுங்கள்.