தன் கட்டளையைத் தானே திருத்தும் நிரல்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு சி நிரலை லினக்ஸில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு ஃபங்ஷனின் முகவரியை எடுத்து, அதன் உள்ளே இருக்கும் ஒரு பைட்டை மாற்றும் நிரல். எழுதும் வரிக்கு வந்ததுமே 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று நின்றுவிடுகிறது. நிரல் தவறா?

பதில்: நிரல் தவறில்லை. அது எழுதப்பட்ட காலத்தில் இல்லாத காவல் இப்போது இருக்கிறது. கட்டளைகள் உள்ள நினைவகப் பக்கங்களை (நினைவகத்தை இயங்குதளம் பிரித்துக் கையாளும் துண்டுகளை) லினக்ஸ் 'படிக்கலாம், இயக்கலாம், எழுதக் கூடாது' என்ற அனுமதியோடுதான் ஏற்றுகிறது. எழுத முயன்றால் பிராசசரே தடுத்துவிடும். 'எழுதக்கூடிய இடம் இயங்கக் கூடாது, இயங்கும் இடம் எழுதப்படக் கூடாது' என்ற கொள்கையை 2003-இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் கொண்டுவந்தது. இன்று ஏறக்குறைய எல்லா இயங்குதளங்களும் ஏதோ ஒரு அளவில் அதைப் பின்பற்றுகின்றன.

'எம்புரொடெக்ட்' அழைப்பால் அனுமதியை மாற்றலாம். ஆனால் வழியில் குழிகள் நிறைய. அதற்குத் தரும் முகவரி ஒரு பக்கத்தின் தொடக்கமாக இருக்க வேண்டும். பக்க அளவு 4096 பைட் என்றால், ஃபங்ஷன் முகவரியை 4096-ஆல் வகுத்து வரும் மீதியைக் கழித்துவிட்டுக் கொடுங்கள். கழிக்காமல் அப்படியே கொடுத்தால் 'இன்வாலிட் ஆர்க்யுமென்ட்' என்று திரும்பும். ஃபங்ஷன் இரண்டு பக்கங்களில் பரவிக் கிடந்தால் இரண்டுக்கும் அனுமதி கேட்க வேண்டும். இதைவிடக் குழப்பமான குழி ஒன்று உண்டு. எழுதும் அனுமதியைச் சேர்க்கும்போது இயக்கும் அனுமதியை எடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். சிறிய நிரலில் மெயின் ஃபங்ஷனும் அதே பக்கத்தில்தான் இருக்கும். எம்புரொடெக்ட் வெற்றியோடு திரும்பும், திரும்பிய இடத்தில் இருக்கும் அடுத்த கட்டளையை இயக்க அனுமதி இருக்காது. நின்ற கிளையை வெட்டியது போலத்தான்.

இவ்வளவும் சரி செய்த பிறகும் கம்பைலர் (நிரலைப் பிராசசர் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) காலை வாரலாம். உதாரணத்துக்கு, 42-ஐத் திருப்பும் ஃபங்ஷன் ஒன்று இருந்தால் அதை அழைக்காமலே, அழைக்கும் இடத்தில் 42 என்று எழுதிவிடும். ஃபங்ஷனை அழைக்கும் இடத்திலேயே விரிக்காதே என்று சொல்லும் 'நோஇன்லைன்' போதாது. ஜிசிசி கம்பைலரில் 'நோஐபிஏ' என்ற பண்பைச் சேர்த்தால்தான் அந்த ஃபங்ஷனைப் பற்றி எதையும் ஊகிக்காமல் விடும். 42 எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் கம்பைலருக்குத் தரும் கொடியை (விருப்பத் தேர்வை) பொறுத்தது. உபுண்டுவின் ஜிசிசி 64-பிட் இன்டெல், ஏஎம்டி இயந்திரங்களில் ஒவ்வொரு ஃபங்ஷனின் தலைப்பிலும் 243, 15, 30, 250 என்ற நான்கு பைட்டுகளை வைக்கிறது. மறைமுகத் தாவல்கள் (போகும் முகவரியை ஓடும்போது எடுக்கும் தாவல்கள்) வந்து இறங்கலாம் என்பதற்கான அடையாளம் அது. ஆப்டிமைசேஷன் (வேகத்துக்காகக் கம்பைலர் செய்யும் சீரமைப்பு) இல்லாமல் கம்பைல் செய்தால் அதற்குப் பின் ஸ்டாக்கை (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான தற்காலிக நினைவிடத்தை) தயார் செய்யும் நான்கு பைட்டுகள், பிறகு 184, அதற்கடுத்து 42. அதாவது பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 9-ஆவது இடம். ஆப்டிமைசேஷனைக் கேட்கும் ஓ2 கொடி கொடுத்தால் அதுவே 5-ஆவது இடம். புத்தகத்தில் 1 என்று போட்டிருந்தால் ஆச்சரியம் இல்லை. இங்கே எல்லா பைட்டுகளையும் பதின்ம எண்ணிலேயே தருகிறோம், டீபக்கரில் (பிழை தேடும் கருவியில்) பதினாறடிமான எண்ணில், அதாவது ஹெக்ஸில் தெரியும்.

கேள்வி: அப்படியானால் தொடங்குபவர் எதைக் கொண்டு தொடங்கலாம்?

பதில்: கம்பைலர் எழுதியதைத் தொடாதீர்கள். உங்களுக்கென்று புதிதாக ஒரு பக்கம் வாங்கி, அதில் கட்டளைகளை எழுதி ஓட்டுங்கள். 64-பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசரில் ஆறே பைட் போதும்: 184, 42, 0, 0, 0, 195. முதல் ஐந்தும் சேர்ந்து 'ஈஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் 42-ஐப் போடு', கடைசி 195 'திரும்பு'. ரெஜிஸ்டர் என்பது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம். எண்ணின் சிறிய பைட் முதலில் வரும் என்பதால்தான் 42-க்குப் பின்னால் மூன்று பூஜ்யங்கள்.

'எம்மேப்' அழைத்து, எந்தக் கோப்போடும் சேராத 4096 பைட்டைப் படிக்க, எழுத மட்டும் அனுமதி கேட்டு வாங்குங்கள். ஆறு பைட்டையும் அதில் நகலெடுங்கள். எம்புரொடெக்ட் மூலம் படிக்க, இயக்க மட்டும் என்று மாற்றுங்கள். முகவரியை இன்ட் திருப்பும் ஃபங்ஷன் பாயின்ட்டராக மாற்றி அழையுங்கள், 42 வரும். பிறகு மீண்டும் எழுதும் அனுமதிக்கு மாற்றி, 1-ஆவது இடத்தில் 43-ஐ எழுதி, இயக்கும் அனுமதிக்குத் திருப்பி அழையுங்கள், 43 வரும். ஒவ்வொரு அழைப்பின் திரும்பும் மதிப்பையும் சோதியுங்கள். எம்மேப் தோற்றால் பூஜ்யத்தைத் தராது, மைனஸ் 1 தரும். 'நல்' என்று சோதித்தால் தவறிவிடும்.

ஒரு முறை வேண்டுமென்றே கடைசி 195-ஐ விட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். புதிதாக வாங்கிய பக்கம் முழுக்கப் பூஜ்யமாக இருக்கும். அடுத்தடுத்த இரண்டு பூஜ்யங்களுக்கும் பிராசசர் மொழியில் ஒரு அர்த்தம் உண்டு: 'ஆர்ஏஎக்ஸ் காட்டும் முகவரியில் உள்ள பைட்டோடு ஏஎல்-ஐக் கூட்டு'. ஆர்ஏஎக்ஸ் என்பது ஈஏஎக்ஸின் முழு 64-பிட் வடிவம், ஏஎல் அதன் சிறிய பைட். ஆர்ஏஎக்ஸில் அப்போது இருப்பது 42. ஆகவே நிரல் முகவரி 42-இல் எழுதப் போய்ச் சாகும். டீபக்கரில் அந்த 42-ஐப் பார்த்தால், கட்டளை எல்லை தாண்டி ஓடிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். இந்தத் துறையில் வரும் செக்மென்டேஷன் ஃபால்ட்டுகளில் பாதியை இப்படித்தான் படித்தாக வேண்டும்.

கேள்வி: இதே சோதனையை ஆர்ம் போர்டில் செய்தேன். 42 சரியாக வந்தது. 43-ஆக மாற்றிய பிறகும் சில நேரம் 42, சில நேரம் 43. பிரின்ட் வரி ஒன்றைச் சேர்த்தால் எப்போதும் சரி. என்ன மாயம்?

பதில்: ஆர்ம் பிராசசரில் தரவுக்கு ஒரு கேஷ் (அடிக்கடி தேவைப்படுவதைப் பக்கத்தில் வைக்கும் வேக நினைவகம்), கட்டளைக்கு வேறொரு கேஷ். நீங்கள் எழுதியது தரவு கேஷில் இருக்கிறது. கட்டளை கேஷ் முதல் அழைப்பின்போது எடுத்து வைத்த பழைய பிரதியையே கொடுக்கிறது. இரண்டையும் ஒத்துப்போகச் செய்வது நிரலாளர் பொறுப்பு. நடுவில் பிரின்ட் போன்ற பெரிய வேலை நடந்தால் பழைய பிரதி தற்செயலாக வெளியேறிவிடும், பிழையும் ஒளிந்துகொள்ளும். சரியாக ஓடுகிறது என்று நினைத்து அந்த வரியோடு அனுப்பிவிடாதீர்கள்.

மருந்து ஒரே வரி. ஜிசிசி, கிளாங் இரண்டிலும் 'பில்ட்இன் கிளியர் கேஷ்' என்ற ஃபங்ஷன் உண்டு. எழுதி முடித்த பின், இயக்குவதற்கு முன் அழையுங்கள். தொடக்க முகவரியும், கடைசி பைட்டுக்கு அடுத்த முகவரியும் கேட்கும். கடைசி பைட்டின் முகவரியையே கொடுத்தால் அது விடுபட்டுப் போக இடமுண்டு. விண்டோஸில் இதே வேலைக்கு 'ஃப்ளஷ் இன்ஸ்ட்ரக்‌ஷன் கேஷ்'.

64-பிட் ஆர்மில் ஒவ்வொரு கட்டளையும் நான்கு பைட். 42-ஐ ரெஜிஸ்டரில் போட 64, 5, 128, 82. திரும்ப 192, 3, 95, 214. எண் அங்கே தனி பைட்டில் இல்லை, கட்டளையின் 5-ஆவது பிட்டிலிருந்து தொடங்குகிறது. அதனால் 43 வேண்டுமென்றால் முதல் பைட்டில் ஒன்றைக் கூட்டக் கூடாது, 32-ஐக் கூட்டி 96 ஆக்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் விடை வேறு ரெஜிஸ்டருக்குப் போய்விடும், அழைத்தவருக்குக் குப்பைதான் கிடைக்கும். ஆப்பிள் சிலிக்கான் கணினி என்றால் பக்க அளவு 16384 என்பதையும் நினைவில் வையுங்கள். 4096 என்று நிரலில் பொறித்து வைப்பவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: இன்டெல் பிராசசரில் கேஷ் கவலையே இல்லையா?

பதில்: சரியாக ஓடுமா என்ற கவலை இல்லை, எவ்வளவு மெதுவாக ஓடும் என்ற கவலை உண்டு. பென்டியம் முதல், எழுதப்பட்ட முகவரி இயங்கிக்கொண்டிருக்கும் கட்டளைகளைத் தொடுகிறதா என்று பிராசசரே கவனிக்கிறது. தொட்டால் பைப்லைனில் (பாதி நிறைவேறிய கட்டளைகளின் வரிசையில்) உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கும். ஒவ்வொரு முறையும் நூறு சுழற்சிகளுக்கு மேல் வீண். லூப்பின் உள்ளே கட்டளையைத் திருத்தி வேகம் பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நேர் எதிரான பலனைத்தான் பெறுகிறார்கள். கட்டளைக்குப் பக்கத்தில் அடிக்கடி எழுதப்படும் மாறியை வைத்தாலும் இதே தண்டனை கிடைக்கலாம். தரவை வேறு பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

அந்தக் கால இன்டெல் 8086 சிப் இப்படிக் கவனிக்காது. ஆறு பைட் வரிசையில் கட்டளைகளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும், 8088-க்கு அதே வரிசை நான்கு பைட். சற்று முன்னால் இருக்கும் ஒரு கட்டளையைத் திருத்திவிட்டு, ஓடியது பழையதா புதியதா என்று பார்த்து, கணினியில் இருப்பது எந்த சிப் என்று கண்டுபிடித்த நிரல்கள் உண்டு. நல்ல குறும்பு.

கேள்வி: என் பைத்தான் நிரல் ஓடும்போதே தன் கோப்பைத் திறந்து ஒரு எண்ணை மாற்றி எழுதுகிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் மாற்றம் தெரியவில்லை.

பதில்: தெரியாது. பைத்தான் கோப்பைப் படித்து பைட்கோடாக (தான் ஓட்டும் இடைநிலைக் கட்டளைகளாக) மாற்றி நினைவகத்தில் வைத்த பிறகு கோப்பைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த முறை ஓட்டும்போதுதான் தெரியும். கோப்பைத்தான் மாற்ற வேண்டுமென்றால், புதிய உரையை முதலில் 'கம்பைல்' ஃபங்ஷனில் கொடுத்துப் பிழையில்லை என்று பாருங்கள். அதே கோப்பகத்தில் தற்காலிகக் கோப்பில் எழுதி, 'ஓஎஸ் ரீப்ளேஸ்' மூலம் ஒரே வீச்சில் இடம் மாற்றுங்கள். நேரடியாக மேலெழுதும்போது மின்சாரம் போனால் பாதி நிரல்தான் மிஞ்சும். உங்கள் தேவை ஒரு எண்ணை நினைவில் வைப்பது மட்டும் என்றால் ஒரு ஜேசன் கோப்பு போதும், நிரலைக் கீறாதீர்கள்.

ஓடும்போதே மாற்ற, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அதன் பைட்கோடும் மாறிலிகளும் அடங்கிய கோட் ஆப்ஜெக்ட் ஒன்று உண்டு. அதைத் திருத்த முடியாது. பைத்தான் 3.8 முதல் அதன் 'ரீப்ளேஸ்' மெத்தடால் திருத்திய பிரதி ஒன்றை எடுத்து ஃபங்ஷனுக்கு ஒட்டலாம். ஏற்கெனவே பாதியில் ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பு பழையதோடுதான் முடியும், அடுத்த அழைப்பு முதல்தான் புதியது. மாறிலிகளின் பட்டியலை மாற்றி வித்தை காட்டும் உதாரணங்கள் பல உலவுகின்றன. 3.14-இல் 0 முதல் 255 வரையான முழு எண்கள் அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுவதில்லை, பைட்கோடு கட்டளைக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே அந்த வித்தை பலிக்காது, பிழைச் செய்தியும் வராது.

இதில் வேடிக்கை, 3.11 முதல் பைத்தானே தன் பைட்கோடைத் திருத்திக்கொள்கிறது. முழு எண்களை மட்டும் கூட்டும் ஃபங்ஷனைச் சில முறை ஓட்டுங்கள். பிறகு பைட்கோடைக் காட்டும் 'டிஸ்' ஃபங்ஷனுக்கு 'அடாப்டிவ்' என்பதை ட்ரூ என்று கொடுத்துப் பாருங்கள். பொதுவான 'பைனரி ஆப்' இருந்த இடத்தில் 'பைனரி ஆப் ஆட் இன்ட்' இருக்கும்.

கேள்வி: சி நிரல் தன் இயங்கு கோப்பையே மேலெழுதினால்?

பதில்: லினக்ஸ் 'டெக்ஸ்ட் ஃபைல் பிசி' என்று மறுக்கும். புதிய கோப்பை வேறு பெயரில் எழுதி, பழைய பெயருக்கு மாற்றுங்கள். ஓடும் நிரல் பழைய பிரதியைப் பிடித்துக்கொண்டே முடிக்கும்.

கேள்வி: டீபக்கரில் பிரேக்பாயின்ட் வைத்தால் நிரல் வேறு விதமாக ஓடுகிறது. இல்லையென்றால் சரி.

பதில்: டீபக்கரும் உங்கள் கட்டளைகளைத் திருத்துகிறது. பிரேக்பாயின்ட் என்பது அந்த இடத்தின் முதல் பைட்டை எடுத்து வைத்துவிட்டு, 204 என்ற ஒற்றை பைட் நிறுத்தக் கட்டளையை எழுதுவதுதான். உங்கள் நிரல் தன் பைட்டுகளைத் தானே படித்துக் கூட்டிப் பார்த்தால் கூட்டுத்தொகை மாறும். அதே இடத்தில் நிரல் எழுதினால் 204 அழிந்துபோகும், நிரல் நிற்காது. பிறகு பிரேக்பாயின்ட்டை எடுக்கும்போது டீபக்கர் தான் எடுத்து வைத்த பழைய பைட்டைப் புதியதன் மேல் எழுதிவிடவும் கூடும். ஜிடிபி டீபக்கரில் 'எச்பிரேக்' பயன்படுத்துங்கள். அது பிராசசரின் ரெஜிஸ்டரில் முகவரியைக் குறிக்கிறது, நினைவகத்தைத் தொடாது. இன்டெல், ஏஎம்டியில் ஒரே நேரத்தில் நான்கு மட்டும்.

கேள்வி: ஒரே நிரலில் பல த்ரெட்டுகள் (ஒரே நேரத்தில் நடக்கும் வேலை இழைகள்) ஓடும்போது ஒரு த்ரெட் கட்டளையைத் திருத்தலாமா?

பதில்: முடிந்தவரை வேண்டாம். ஐந்து பைட் கட்டளையை எழுதும் நடுவில் பிராசசரின் இன்னொரு கோர் (தனியாகக் கட்டளை ஓட்டும் பகுதி) அதை எடுத்தால் பாதி பழையது, பாதி புதியது என்று ஓடும். ஆனாலும் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடும்போதே கட்டளைகளைத் திருத்துகிறது. ஃபங்ஷன் அழைப்புகளைக் கண்காணிக்கும் எஃப்ட்ரேஸ் வசதியை ஆன் செய்யும்போது, ஒன்றும் செய்யாத ஐந்து பைட்டை ஓடும் கெர்னலில் அழைப்பாக மாற்றுகிறது. எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி வகை பிராசசர்களில்) அதன் வரிசை இது: முதல் பைட்டில் 204-ஐ எழுது, எல்லா கோர்களையும் ஒத்திசைவுக்குக் கொண்டுவா, மீதி நான்கு பைட்டை எழுது, மறுபடி ஒத்திசை, கடைசியாக முதல் பைட்டை மாற்று. இடையில் யாராவது அங்கே வந்தால் 204-இல் தட்டி, கெர்னலின் கையாளியிடம் போய்ச் சேர்வார்கள்.

உங்கள் நிரலுக்கு இவ்வளவு தேவையில்லை. புதிய ஃபங்ஷனை வேறு பக்கத்தில் முழுதாக எழுதி முடித்து, ஒரு ஃபங்ஷன் பாயின்ட்டரை அட்டாமிக்காக (பாதி மாறிய நிலை யாருக்கும் தெரியாதபடி ஒரே வீச்சில்) மாற்றுங்கள். பழைய பக்கத்தை உடனே விடுவிக்காதீர்கள், யாராவது இன்னும் அதன் உள்ளே இருக்கலாம்.

கேள்வி: இப்படி நிரல் எழுதும் யோசனை யாருக்குத்தான் வந்தது?

பதில்: வேறு வழி இல்லாதவர்களுக்கு. 1949-இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியில் இன்டெக்ஸ் ரெஜிஸ்டர் (கட்டளையின் முகவரியோடு தானாகக் கூட்டப்படும் எண்ணை வைக்கும் இடம்) இல்லை. ஒரு பட்டியலின் எண்களை வரிசையாகக் கூட்ட, கூட்டும் கட்டளையின் முகவரியிலேயே ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைக் கூட்டி எழுத வேண்டியிருந்தது. இன்டெக்ஸ் ரெஜிஸ்டர் வந்ததும் அந்தத் தேவை போயிற்று. கோபால் என்ற நிரல் மொழியில் 'ஆல்டர்' என்ற கட்டளை ஒரு 'கோ டு' (தாவு) கட்டளை போகும் இடத்தையே ஓடும்போது மாற்றும். நிரலைப் படித்து எதுவும் புரியாமல் செய்துவிடும் என்பதால் 1985 தரநிலை அதை வழக்கொழிந்ததாக அறிவித்தது. யாரும் அழுததாகத் தெரியவில்லை.

கேள்வி: தன்னைத் திருத்தும் நிரல் தானாக அறிவாளி ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. செயற்கை நுண்ணறிவின் நரம்பு வலைப்பின்னலைப் பயிற்றும்போதுகூட மாறுவது எண்கள்தான், கட்டளைகள் இல்லை.

கேள்வி: கணினிக்கு ஆபத்தில்லாமல் மாணவர்களுக்கு இதைக் கற்றுத்தர ஏதாவது உண்டா?

பதில்: கோர் வார். 1984-இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழின் பத்தி ஒன்றில் ஏ.கே. டியூட்னி அறிமுகப்படுத்திய ஆட்டம். ரெட்கோடு என்ற சிறு மொழியில் எழுதிய இரண்டு நிரல்கள் ஒரே கற்பனை நினைவகத்தில் ஓடி, ஒன்றையொன்று அழிக்கப் பார்க்கும். நினைவகம் வட்டமானது, முகவரிகள் எல்லாம் தான் இருக்கும் இடத்திலிருந்து எண்ணப்படும். மிகச் சிறிய வீரன் ஒரே வரி: 'மூவ் 0, 1'. தன்னை அடுத்த இடத்தில் நகலெடுக்கும், பிறகு அந்த நகல் ஓடும். 'டேட்' கட்டளையில் கால் வைத்த நிரல் சாகும். பிமார்ஸ் என்ற இலவச சிமுலேட்டர் கிடைக்கிறது. முதலில் அந்த ஒரு வரியைத் தனியாக ஓட்டி, திரையில் வட்டம் முழுவதும் நிரம்புவதைக் காட்டுங்கள். அடுத்து, நான்கு இடத்துக்கு ஒரு 'டேட்' வீசும் நிரலை எழுதச் சொல்லுங்கள். வீச்சு இடைவெளி நினைவக அளவை மீதியின்றி வகுத்தால், சுற்றி வரும் அந்த 'டேட்' குண்டு ஒவ்வொரு சுற்றிலும் அதே இடங்களில்தான் விழும். அந்த இடங்களில் தன் கட்டளை எதுவும் இல்லாதபடி நிரலை அமைக்க வேண்டும். அமைக்காதவர்களின் நிரல் முதல் சுற்றிலேயே தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும்.