பூட்டிய வீட்டுக்கு 'கள ஆய்வு முடிந்தது' என்று எழுதலாமா?

கேள்வி: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் புறத்தொடர்புப் பணியாளராகச் சேர்ந்து சில மாதம் ஆகிறது. ஒப்பந்த வேலை. ஒரே நாளில் ஐந்தாறு வீடு பார்க்கச் சொல்கிறார்கள். வீடு பூட்டியிருந்தால் வாசலில் நின்று போட்டோ எடுத்து, 'கள ஆய்வு முடிந்தது' என்று போட்டுவிடச் சொல்கிறார் உடன் வேலை பார்க்கும் அக்கா. அறிக்கையில் எதை எழுதுவது, எதை விடுவது என்றும் பிடிபடவில்லை. போன வாரம் ஒரு தகப்பனார், "என்னம்மா எழுதுனே, எனக்கு ஒரு காப்பி குடு" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் வந்துவிட்டேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

பூட்டியிருந்தால் பூட்டியிருந்தது என்றே எழுதுங்கள். ஜிபிஎஸ் முத்திரையோடு எடுத்த போட்டோ, நீங்கள் அந்த வாசலில் நின்றீர்கள் என்பதற்குத்தான் சாட்சி. பிள்ளை எப்படி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆகாது. 'முடிந்தது' என்று எழுதிய நிமிடமே அந்தக் கேஸ் நிலுவைப் பட்டியலிலிருந்து போய்விடும். பிறகு யாரும் அந்தத் தெருப் பக்கம் போகப் போவதில்லை. அந்த அக்கா கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். எண்ணிக்கை கேட்கும் அலுவலகத்தில் எல்லோருக்கும் வரும் பழக்கம்தான் இது. ஆனால் நாளைக்கு ஏதாவது ஆனால் அந்தத் தாளில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து.

பூட்டிய வீட்டுக்கும் நல்ல குறிப்பு எழுதலாம். இப்படி: "காலை 11.10. வெளிப்பூட்டு. கொடியில் ஈரத்துணி. பெற்றோர் சூளை வேலைக்குப் போய் மாலை 6 மணிக்கு மேல்தான் வருவார்கள் என்று எதிர்வீட்டுப் பெண் சொன்னார். பள்ளியில் விசாரித்தேன்: இன்று வந்திருக்கிறான், திங்கள், செவ்வாய் வரவில்லை. குழந்தையை நான் பார்க்கவில்லை. மறுபடி செல்வது: நாளை மாலை 6.30." இதில் உயிரான வரி 'குழந்தையை நான் பார்க்கவில்லை' என்பதுதான். அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். தலைமையாசிரியரிடம் வருகையை மட்டும் கேளுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று விளக்க வேண்டாம். அலுவலகப் பெயர் போட்ட சீட்டைக் கதவில் செருகிவிட்டு வரவும் கூடாது. சாயங்காலத்துக்குள் ஊரே அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசும்.

வந்த புகார் அடி, சூடு, பாலியல் தொல்லை என்றால் மறுநாள் மாலைவரை காத்திருக்கும் பேச்சே இல்லை. பிள்ளையைப் பார்க்க முடியவில்லை என்பதை அன்றைக்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்தில் அனுப்பிவிட்டு, காவல்துறை உதவியும் கேளுங்கள். போனில் சொன்னால் சொன்னதாக ஆகாது. போனில்தான் சொல்ல நேர்ந்தது என்றால், எத்தனை மணிக்கு யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்பதைக் குறிப்பேட்டில் ஏற்றுங்கள்.

அறிக்கைக்கு வருவோம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைக்கான சமூக விசாரணை அறிக்கை படிவம் 22-இல் போகிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 36-ஆம் பிரிவு அதற்குக் கொடுக்கும் கெடு 15 நாள். குழந்தைகள் நலக் குழு 4 மாதத்துக்குள் இறுதி உத்தரவு போட வேண்டும். அந்தக் குழுவில் இருப்பவர்கள் அந்த வீட்டு வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பிள்ளை வீட்டில் இருப்பதா, குழந்தைகள் இல்லத்துக்குப் போவதா என்பதைப் பெரும்பாலும் உங்கள் தாளை வைத்துத்தான் பேசுவார்கள். படிவத்தில் கட்டங்கள் நிறைய. கட்டத்தை நிரப்பினால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது.

நீங்கள் கண்டது, மற்றவர் சொன்னது, நீங்கள் நினைப்பது – இந்த மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் கலக்கக் கூடாது. 'தந்தை குடிகாரர், வீடு சுகாதாரமற்றது, தாய் அக்கறையில்லாதவர்' என்று எழுதிய அறிக்கைகள் ஏராளம். மூன்றுமே தீர்ப்பு, ஒன்றில்கூடத் தகவல் இல்லை. 'நான் போனபோது தந்தை வீட்டில் இல்லை. வாரத்தில் மூன்று நாள் இரவில் சத்தம் கேட்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கும் இந்தக் குடும்பத்துக்கும் வேலித் தகராறு இருப்பதாகத் தாய் சொன்னார்' என்று எழுதினால், குழு எடை போட்டுப் பார்க்க முடியும்.

வீட்டின் நிலைமையிலும் இதே கவனம் வேண்டும். 'உணவு இல்லை' என்பதற்கும், 'டப்பாவில் ஒரு படி அளவு ரேஷன் அரிசி, சிலிண்டர் காலி, விறகடுப்பில் சாதம் வெந்துகொண்டிருந்தது' என்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். முதலாவது பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பும். இரண்டாவதைப் படித்தால், இந்தக் குடும்பத்துக்கு நிதி ஆதரவு கொடுத்தால் போதாதா என்று யாராவது கேட்பார்கள். மிஷன் வாத்சல்யா என்ற ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். கிராமப்புறத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவே சொல்கிறது. ஏழ்மையை அலட்சியம் என்று எழுதுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் அநியாயம்.

பிள்ளை சொன்னதை அலுவலக நடைக்கு மாற்றாதீர்கள். "சித்தப்பா வந்தா நான் மாமி வீட்டுக்குப் போயிருவேன்" என்றால் அப்படியே மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அதற்கு முன் நீங்கள் கேட்ட கேள்வியையும் எழுதுங்கள். 'குழந்தை உறவினர்மீது அச்சம் தெரிவித்தது' என்று மாற்றினால், அது பிள்ளை சொன்னது அல்ல, உங்கள் ஊகம். 'தனியாகப் பேசினேன்' என்று எழுதும்போது காது கேட்கும் தூரத்தில் யார் இருந்தார்கள் என்பதும் சேர வேண்டும். ஒற்றை அறை வீட்டில் தனிமை ஏது? பள்ளியில் பேசுவது மேல். பாலியல் தொல்லையைப் பற்றி வாய் திறந்தால் துருவாதீர்கள். சொன்னதை எழுதிக்கொண்டு, போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவியுங்கள். தெரிந்தும் சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

காயம் கண்ணில் பட்டால் இடம், பக்கம், நீளம், நிறம்: 'இடது முழங்கைக்குக் கீழே, வெளிப்புறம், சுமார் 4 செ.மீ., ஊதா.' 'மூன்று நாள் பழைய காயம்' என்று எழுதாதீர்கள். கன்றிப்போன நிறத்தை வைத்து நாள் சொல்வது மருத்துவர்களுக்கே நிச்சயமில்லாத காரியம். எப்படி ஆனது என்று பிள்ளை சொன்னதும் தாய் சொன்னதும் தனித்தனி வரியில் இருக்கட்டும். உடையை விலக்கிப் பார்ப்பது உங்கள் வேலை இல்லை. மருத்துவப் பரிசோதனைக்குக் கேட்டு எழுதுங்கள். பிள்ளையின் போட்டோவை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் இருந்தால் நீங்கள் அதில் சேராதீர்கள். குழந்தையின் அடையாளம் ஊடகம் எதிலும் வெளியாகக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. குழுவில் போட்ட படம் எங்கெல்லாம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

குறிப்பேட்டில் பக்க எண் போடுங்கள். தவறானால் ஒரே கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி, ஒயிட்னர் வேண்டாம். மறந்துபோனதைப் பிறகு சேர்த்தால், சேர்த்த தேதியையே போடுங்கள். பழைய அறிக்கையைக் காப்பி அடித்துப் பெயரை மட்டும் மாற்றுவதில் அடிக்கடி மாட்டுவது, பெண் பிள்ளையின் அறிக்கையில் 'அவன்' என்று நின்றுபோவது. அதைக் குழு உறுப்பினர் ஒருவர் பார்த்துவிட்டால் மற்ற பக்கங்களையும் நம்பமாட்டார்.

மேலதிகாரியின் கையெழுத்தும் சும்மா இல்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் 2013-இல் கேப்ரியல் ஃபெர்னாண்டஸ் என்ற 8 வயதுச் சிறுவன் வீட்டிலேயே வதைபட்டு இறந்தான். சமூகப் பணியாளர் இருவரோடு, அவர்களின் மேற்பார்வையாளர் இருவர்மீதும் 2016-இல் வழக்குப் போட்டார்கள். பதிவேட்டைப் பொய்யாக்கியதும் குற்றச்சாட்டில் ஒன்று. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தது. ஆகவே பின்னால் வரும் வழக்கை நம்பிப் பயனில்லை. கையெழுத்துக்கு முன் படித்து, 'பிள்ளையைப் பார்த்தாயா?' என்று கேட்கும் அதிகாரிதான் வேண்டும். உங்கள் அதிகாரி கேட்கவில்லை என்றால், 'இந்த வாரம் பார்க்க முடியாத குழந்தைகள்' என்று காரணத்தோடு ஒரு பட்டியலை வெள்ளிதோறும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். புகார் தொனி வேண்டாம், பட்டியல் போதும்.

அந்தத் தகப்பனாருக்கு வருவோம். நீங்களாகக் காப்பி கொடுக்க முடியாது; இளைஞர் நீதிச் சட்டத்தின் 99-ஆம் பிரிவுப்படி அறிக்கை ரகசியம். ஆனால் அதே பிரிவு, அறிக்கையின் சாரத்தைப் பெற்றோருக்குச் சொல்லவும், அவர்கள் பக்கத்துச் சான்றைக் கொடுக்க வாய்ப்பளிக்கவும் குழுவுக்கு அதிகாரம் தருகிறது. "குழுவுக்கு மனு எழுதிக் கேளுங்கய்யா" என்று சொல்லி, குழு கூடும் இடத்தையும் நாளையும் எழுதிக் கொடுங்கள். உத்தரவில் குறை இருந்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புப் பராமரிப்பு (பிள்ளையை வேறொரு குடும்பத்தில் வளர விடுவது), நிதி ஆதரவு பற்றிய முடிவு என்றால் மாவட்ட ஆட்சியரிடம். குழு நடந்துகொள்ளும் விதத்திலேயே குறை என்றாலும் ஆட்சியரிடம்தான். புகார் கொடுத்தவர் யார் என்று அந்தத் தகப்பனார் எத்தனை முறை கேட்டாலும் சொல்லாதீர்கள். அவர் வாயால் சொன்ன பகுதியை மட்டும் கிளம்புமுன் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். "அப்படிச் சொல்லலையே" என்றால் அதையும் கீழே ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.