பதில்: வீட்டுக்காரர் மறுக்கிறார், ஸ்பெயினின் வலென்சியாவில் பத்ரோனில் (நகராட்சியின் குடியிருப்போர் பதிவேட்டில்) பதிவது எப்படி?

வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரிலேயே இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் தேவையே இல்லை. பாஸ்போர்ட்டையும் ஒப்பந்தத்தையும், அசலும் நகலுமாக, நகராட்சிக்குக் கொண்டுபோங்கள். "பதியக் கூடாது" என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தாலும் கவலை வேண்டாம். வசிக்கும் ஊரில் பதிவது சட்டப்படி உங்கள் கடமை, வீட்டுக்காரர் தரும் சலுகை அல்ல. (அவர்கள் மறுப்பதற்குப் பெரும்பாலும் வரிப் பயம்தான் காரணம்.) ஒப்பந்தம் வேறொருவர் பெயரில் இருந்தால்தான் அவர் கையெழுத்து வேண்டும்.

பத்ரோனுக்காக டி.ஐ.இ. அட்டையை (வெளிநாட்டவருக்கான அடையாள அட்டை) தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசா என்றால், ஸ்பெயினுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை கொடுக்க முன்பதிவு நேரம் கிடைப்பதுதான் பெரும்பாடு. இன்றே தேடத் தொடங்குங்கள், காலையில் அடிக்கடி பாருங்கள். அன்றைக்கு இ.எக்ஸ்-17 படிவம், வெள்ளைப் பின்னணியில் புகைப்படம், பாஸ்போர்ட், 790-012 என்ற கட்டணப் படிவத்தில் பணம் கட்டிய ரசீது வேண்டும். பலர் சறுக்குவது இந்த 790-இல்தான். அந்தப் படிவத்தில் முதல்முறை அட்டைக்கான கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். புதுப்பித்தலுக்கான கட்டத்தைக் குறித்தால் தொகை மாறிவிடும், திருப்பி அனுப்புவார்கள். பத்ரோன் சான்று கேட்டால், மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருப்பது நல்லது.