டிவிடிக்கு அடுத்து வந்த ப்ளூ-ரே, ஹெச்டி டிவிடி டிஸ்க்குகளின் போட்டியில் ப்ளூ-ரே ஜெயித்தது தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு நல்லதா? இப்போது எந்த டிஸ்க் வாங்குவது?

படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் நல்லதுதான். ஆனால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் டிஸ்க் வரவழைத்துப் படம் பார்க்கிற எங்கள் டர்பன் வீடுகளுக்கு, தோற்றுப்போன ஹெச்டி டிவிடிதான் பொருத்தமாக இருந்திருக்கும் என்பேன். காரணம் ரீஜன் கோடு, அதாவது உலகின் ஒரு பகுதிக்கென்று விற்ற டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி வைக்கும் பூட்டு.

டிவிடி காலத்திலேயே இந்தத் தொல்லை இருந்தது. தென்னாப்பிரிக்கா 2ஆம் ரீஜன், இந்தியா 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3. கல்யாணச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போன அத்தை ஆசையாக வாங்கி வந்த டிஸ்க்கை டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி வீட்டில் போட்டால் சில சமயம் ஓடவே ஓடாது. ப்ளூ-ரே வந்தபோது உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ, நாம் பி, இந்தியா சி. தமிழ்ப் படம் பார்க்கிறவர்கள் மூன்றிலும் இருக்கிறோம்! ஹெச்டி டிவிடியிலோ இந்தக் கூறுபோடலே கிடையாது. எங்கே வாங்கினாலும் எங்கேயும் ஓடும்.

சரி, அப்புறம் ஏன் தோற்றது? இரண்டிலும் 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசர்தான். டிவிடியில் இருந்தது 650 நானோமீட்டர் சிவப்பு. அலைநீளம் குறைந்தால் ஒளிப்புள்ளி சிறிதாகும், அதே அளவு டிஸ்க்கில் கூடுதலாகப் பதியலாம். ஹெச்டி டிவிடியை உருவாக்கிய டோஷிபா, டிவிடியைப் போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் தகவலை வைத்தது. டிவிடி அச்சடிக்கும் ஆலைகளை அதிகம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஓர் அடுக்குக்கு 15 ஜிபிதான் கிடைத்தது. ப்ளூ-ரேயை உருவாக்கிய சோனி அணி தகவலை மேற்பரப்புக்கு 0.1 மில்லிமீட்டர் பக்கத்தில் கொண்டுவந்து, லேசரை இன்னும் கூர்மையாகக் குவித்து, 25 ஜிபி எடுத்தது. அவ்வளவு மெல்லிய உறை சுலபமாகக் கீறல் விழும் என்பதால், ஆரம்பத்தில் டிஸ்க்கை ஒரு பெட்டிக்குள் வைத்தே விற்க நினைத்தார்கள். கடினமான மேல்பூச்சு வந்த பிறகுதான் அந்தப் பெட்டி போயிற்று. எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த பொறியியல் வேலை அதுதான்.

வியாபாரத்தில் முடிவு வேகமாக வந்தது. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்குள்ளேயே ப்ளூ-ரே இருந்தது, விளையாட வாங்கியவர்கள் எல்லாரிடமும் பிளேயரும் சேர்ந்துவிட்டது. அதன் போட்டிக் கருவியான எக்ஸ்பாக்ஸ் 360க்கு ஹெச்டி டிவிடி டிரைவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். 2008 ஜனவரியில் வார்னர் படநிறுவனம் ப்ளூ-ரே பக்கம் மட்டும் நிற்பதாக அறிவித்தது. பிப்ரவரி 19 அன்று டோஷிபா கைவிட்டது.

இப்போது வாங்குவதென்றால், இன்னும் கூர்மையான படம் தரும் 4கே ப்ளூ-ரே டிஸ்க்குகளில் ரீஜன் கோடு இல்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். எந்த நாட்டிலிருந்தும் தைரியமாக வரவழைக்கலாம். ஆனால் அதே பெட்டியில் சாதாரண ப்ளூ-ரே டிஸ்க்கும் சேர்ந்து வந்தால் அதற்கு ரீஜன் இருக்கலாம், 4கே பிளேயரும் அதைத் தடுக்கும். சாதாரண ப்ளூ-ரே வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தில் பி எழுத்தோ, ஏ பி சி மூன்றுமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஏ மட்டும், சி மட்டும் என்றால் எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் உங்களிடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். பழைய ஹெச்டி டிவிடி டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறதென்று யாராவது கொடுத்தால் வேண்டாம், சாதாரண ப்ளூ-ரே பிளேயர் அதைப் படிக்காது.