அல்மாட்டியில் ‘மவுண்டன் வியூ’ ரூமுக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கலாமா?

கஜகஸ்தானின் அல்மாட்டி நகரத்தில் மலை தெரியும் ரூமுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எந்த மாதம் போகிறீர்கள் என்று சொல்லவில்லை. பொங்கல் லீவுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். விசா வேண்டாம், 14 நாள் தங்கலாம், டெல்லியிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம் என்று கேள்விப்பட்டு நாங்களும் போன வருடம் அப்படித்தான் கிளம்பினோம். நான், மனைவி, எழுபது வயது அம்மா.

நான்கு ராத்திரி. மலை தெரியும் ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 6,000 டெங்கே கூடுதல், நம்ம காசுக்கு ஆயிரம் சொச்சம். ‘கஜகஸ்தான் வரைக்கும் போய் ரூமுக்குள் உட்காரவா போனாய்?’ என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. மைனஸ் பத்தில் நடக்கவைக்க முடியாது. படுக்கையில் இருந்தபடி பனிமலையைப் பார்க்கட்டும் என்றுதான் கொடுத்தேன், பணத்திமிரில் இல்லை.

ஒன்பதாவது மாடி. புத்தம்புது ஹோட்டல், சுவர் முழுக்கக் கண்ணாடி, பட்டனைத் தட்டினால் திரை தானாக விலகுகிறது. விலகியது. எதிரே சாம்பல் நிறம். அவ்வளவுதான்.

“கண்ணு, நம்மூரு மார்கழிப் பனிமூட்டமே தேவல போலிருக்கே” என்றார் அம்மா.

மூட்டம் இல்லை, புகை. ஊருக்குத் தெற்கே தியான் ஷான் மலைத்தொடரின் வடக்கு விளிம்பு சுவர் மாதிரி நிற்கிறது, அதன் காலடியில் ஊர். குளிர்காலத்தில் பெரும்பாலும் காற்று அசைவதே இல்லை. மேலே இளஞ்சூடான காற்று மூடி போட்டதுபோல் நிற்க, நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையம், வீட்டு அடுப்பு, வண்டி என எல்லாப் புகையும் அதற்கடியில் தங்கிவிடுகிறது. ரிசப்ஷன் பெண் சிரித்துக்கொண்டே “பனி விழுந்தாலோ காற்றடித்தாலோ தெரியும்” என்றாள். அதை புக்கிங்போது சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் நாள் மெடியு போனோம். 1,691 மீட்டர் உயரத்தில் பெரிய ஐஸ் ஸ்கேட்டிங் மைதானம். அங்கிருந்து கேபிள் காரில் ஷிம்புலாக் என்ற பனிச்சறுக்குத் தளம், 2,260 மீட்டர். மேலே போனால் கண் கூசுகிற வெயில், நீல வானம், சுற்றிலும் மலை. கீழே பார்த்தால் ஊரைக் காணோம், அழுக்குக் கம்பளி போர்த்தினாற்போல் புகை. அந்தக் கம்பளிக்கு அடியில் எங்கேயோ என் மவுண்டன் வியூ ரூம்.

“உங்களுக்கும் மலைக்கும் ராசியே இல்லீங்க” என்றாள் மனைவி. அவள் சொன்னது வேறு கதை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கோவையில் வடவள்ளிப் பக்கம் ஃபிளாட் வாங்கும்போது, பால்கனியில் நின்றால் மருதமலை தெரியும் என்று சதுர அடிக்கு 150 ரூபாய் ஏற்றி வாங்கினார் பில்டர். ஐந்து வருடம் தெரிந்தது. பிறகு அதே ஆள் முன்னாலிருந்த காலி இடத்தில் ‘இரண்டாம் கட்டம்’ எழுப்பினார். இப்போது எங்கள் பால்கனியிலிருந்து தெரிவது எதிர்வீட்டுத் துணிக்கொடி. கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் மலை என்று எங்கே போட்டிருக்கிறது என்றார். ஈஎம்ஐ இன்னும் ஓடுகிறது. அங்கே குடிவந்தவர்களிடமும் அதே 150 வாங்கியிருப்பார், சந்தேகமே வேண்டாம்.

சரி, அல்மாட்டி. கடைசி ராத்திரி பனி கொட்டியது. காலையில் ஏழரைக்கு மேல்தான் நன்றாக விடிகிறது, அதற்குள் ரூமைக் காலி செய்துவிட்டோம். நான் கவுன்டரில் அந்த நாலு நாள் கூடுதல் காசைத் திருப்பிக் கேட்டு வாதாடிக்கொண்டிருந்தேன் (கிடைக்கவில்லை). வாசலில் இருந்து அம்மா, “சாமி, இங்க வா, இங்க வா” என்று கத்தினார். தெருக்கோடியில், கட்டடங்களுக்கு மேலே, பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. உச்சி மட்டும் ரோஜா நிறம். அந்த ஊரில் தெற்கு வடக்காக ஓடும் தெரு எதில் நின்றாலும் கோடியில் மலைதான். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏர்போர்ட் வடகிழக்கே இருப்பதால் டாக்ஸியின் பின்கண்ணாடி முழுக்க மலை. அம்மா அரை மணி நேரமும் திரும்பியே உட்கார்ந்து வந்தார். கோவை வந்து இரண்டு நாள் கழுத்துக்குத் தைலம் தேய்த்தோம்.

செப்டம்பர், அக்டோபர் என்றால் கொடுங்கள். தெற்குப் பக்க ரூமா, முன்னால் கட்டட வேலை நடக்கிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரர்கள் மலைப்பக்கத்தை ‘மேலே’ என்பார்கள், முடிந்தால் மேலே தங்குங்கள், புகை கொஞ்சம் குறைவு. ஜனவரி என்றால் அந்த 6,000 டெங்கே உங்கள் பையிலேயே இருக்கட்டும்.