தேவதை ஓவியம் என்றால் என்ன? அதில் புல்லும் பூவும் ஏன் அவ்வளவு நுணுக்கமாக இருக்கின்றன?

19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில், விக்டோரியா ராணி காலத்தில் பெருகிய ஓவிய வகை இது. நாட்டுப்புறக் கதைகளிலும் ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலும் வரும் சிறகு முளைத்த குட்டி மனிதர்களைப் பூ, காளான், சிலந்தி வலைக்கு நடுவே வரைவார்கள்.

நுணுக்கத்துக்குக் காரணம் எளிது. தேவதையை யாரும் பார்த்ததில்லை. ஆனால் புல்லை எல்லோருக்கும் தெரியும். புல் அச்சு அசலாக இருந்தால், அதன் பின்னால் நிற்கும் தேவதையையும் கண் நம்பிவிடும். மழை விட்டதும் தோட்டத்தில் குத்தவைத்து உட்கார்ந்து எறும்பு வரிசையைப் பார்த்தால், கொஞ்ச நேரத்தில் புல்லே காடாகத் தெரியுமே, அதே வித்தைதான்.

ரிச்சர்ட் டாட் 1855 முதல் 1864 வரை மனநல மருத்துவமனைக்குள் இருந்தபடியே வரைந்த படம் ஒன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 54 செ.மீ.தான். ஒரு குட்டி ஆள் கோடரியை ஓங்கி நிற்கிறான். வெட்டப்போவது மரத்தை அல்ல, ஒரு கொட்டையை! குறுக்கே நீளும் புல்தண்டுகளை விலக்கிப் பார்க்க நமக்கே கை பரபரக்கும். என்னைக் கேட்டால், இந்த வகையில் இதற்கு நிகராக வேறொன்று இல்லை.

ரயிலும் ஆலைப்புகையும் பெருகிய காலம் அது. மாயக் காட்டுக்கு ஏக்கம் இருந்ததில் வியப்பில்லை. அப்புறம், தேவதை என்ற சாக்கில் ஆடையில்லா உருவங்களையும் வரைய முடிந்தது.

ஆகவே, இவை குழந்தைப் புத்தகத்துக்கான படங்கள் என்று நினைப்பது தவறு; பெரும்பாலும் பெரியவர்கள் பார்க்கும் கண்காட்சிகளுக்காகவே வரையப்பட்டவை.